அவர் சொன்னதாகச் சொன்ன வார்த்தை

கிணத்துக்கடவு
8 செப்டம்பர் 2025

அன்புள்ள சண்முகப்ரியா கண்ணுக்கு, தாய்மாமன் மாசாணம் எழுதிக்கொண்டது.

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்னாலேயே சொல்லிவிட்டேன். வேண்டுமானால் உன் அம்மா பொன்னாத்தாளையே கேள். எங்கள் முதலாளி லட்சுமணசாமி ஐயா மொபெட்டிலிருந்து விழுந்து, தலையில் அடிபட்டு, நீ வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த அன்றைக்கே தேங்காய் நார் மில் வாசலில் பத்துப் பேர் முன்னால் சொன்னேன். "ஐயா திரும்பி வரமாட்டாருங்க. ஆனா போறதும் சும்மா போகமாட்டாரு. சர்க்காரே வந்து நிக்கும் பாருங்க" என்று. நின்றதா இல்லையா? உறுப்பு தானம் செய்தவர் என்று சர்க்கார் சார்பில் ஆர்.டி.ஓ. நேரில் வந்து மலர்வளையம் வைத்தார். போலீஸ் விறைப்பாக நின்றது. ஊர்வலத்தில் ஐந்நூறு கார். பொள்ளாச்சி ரோடு இரண்டு மணி நேரம் அசையவில்லை. ஆர்.டி.ஓ. என்னைப் பார்த்து, "நீங்கதானா அந்த மாசாணம்?" என்று கேட்டார். கேட்டவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

எட்டாவது பாதியில் நின்றவனுக்கு இந்த மரியாதை. இருபத்திரண்டு வருடம் அந்த வீட்டுக்குக் கார் ஓட்டியவன் சொன்ன ஒரு வார்த்தையால் இன்றைக்கு நாலு வீட்டில் ஆள் எழுந்து நடமாடுகிறது. கல்லீரல் ஒரு வாத்தியாருக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். கணக்கு வாத்தியார்.

இப்போது விஷயம். உங்கள் ஆஸ்பத்திரி விளம்பரப் பிரிவிலிருந்து ரசாக் என்று ஒரு தம்பி போன் செய்தார். இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, தானம் செய்த குடும்பங்களுக்கெல்லாம் விழாவாம். ஐயாவின் சம்சாரம் ராமாமணி அம்மாவை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துகிறார்களாம். ஐயாவுடைய படத்துக்குக் கீழே அவர் என்னிடம் சொன்ன வார்த்தையைப் பெரிய எழுத்தில் போடுகிறார்களாம். "ஆகறதை எடுத்து ஆருக்காவது குடுத்துப்போடுங்க." அதை விளக்கி நான் ஐந்து நிமிடம் பேச வேண்டும். ஐந்து நிமிடம் எனக்கு எந்த மூலைக்கு?

எப்படிப் பேசுவது என்று மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். போன வருடம் ஆடியில் ஐயாவும் நானும் மட்டும் அந்தியூர்க் குதிரைச் சந்தைக்குப் போனோம். அங்கே ஒரு வெள்ளைக் குதிரை, எழுபது லட்சம் சொன்னான். திரும்பும்போது அன்னூரில் டீ குடிக்க நிறுத்தினோம். மழை. ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாசாணம், அந்தக் குதிரை செத்தா எதுக்கும் ஆகாது. மனுசன் ஆவான்" என்றார். பிறகுதான் அந்த வார்த்தை. இதைச் சபையில் சொன்னால் ஒரு கண் காய்ந்திருக்காது.

நீ படித்த பிள்ளை. இதை நல்ல தமிழில் எழுதித் திருத்திக் கொடு. போனில் கூப்பிட்டால் ஒரு மாதமாக எடுக்கமாட்டேன் என்கிறாய். ஆஸ்பத்திரிக்கு வராதே என்கிறாய். அன்றைக்கு அந்த அறையில் எல்லோர் முன்னாலும் என்னை யாரோ மாதிரிப் பார்த்தாய். அதையும் மாமன் வாங்கிக்கொண்டேன். பதில் போடு.

மாசாணம்


கோவை
11 செப்டம்பர் 2025

மாமா,

போனில் நீங்கள் பேச ஆரம்பித்தால் நான் என்ன கேட்க வந்தேன் என்பதே எனக்கு மறந்துவிடுகிறது. தாளில் எழுதினால் கேள்வி இடம் மாறாமல் நிற்கும். அதனால்தான் நானும் தபாலிலேயே எழுதுகிறேன்.

முதலில் சில திருத்தங்கள். யாருக்கு எந்த உறுப்பு போனது என்பது வெளியே சொல்லக்கூடாத விஷயம். வாத்தியார் என்று நீங்கள் எங்கே கேள்விப்பட்டீர்களோ எனக்குத் தெரியாது, நீங்களே கேள்விப்பட வைத்திருப்பீர்கள். அந்தப் பேச்சை நிறுத்துங்கள். ஊர்வலத்தில் நாற்பது கார் என்று அம்மா சொன்னாள்.

உங்களை யாரோ மாதிரி ஏன் பார்த்தேன் என்று சொல்கிறேன். மூளைச்சாவு என்று டாக்டர்கள் இரண்டு முறை சோதித்து உறுதி செய்த பிறகு குடும்பத்தாரிடம் தானம் பற்றிப் பேசுவது என் வேலை. அப்படிப் பேசுகிறவர் அந்தக் குடும்பத்துக்கு வேண்டியவராகவோ, கூட வந்தவர்களுக்குச் சொந்தம் ஒறம்பரையாகவோ இருக்கக் கூடாது. நீங்கள் கதவருகில் நிற்பதைப் பார்த்ததும் நான் எழுந்து வெளியே போய், வேறொருவரை அனுப்பியிருக்க வேண்டும். செய்யவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தெரியாதவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அது என் தப்பு.

இனி என் கேள்வி. அந்த அறையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ராமாமணி அம்மா, "அவரு ஒடம்புல கத்தி வெக்க நான் உடமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். நான் ஃபைலை மூடிவிட்டேன். எழுந்திருக்கும் முன்னால், எப்போதும் எல்லாரிடமும் கேட்கிற ஒன்றைக் கேட்டேன். "இதப் பத்தி அவரு எப்பவாச்சும் ஆருகிட்டயாச்சும் பேசியிருக்காருங்களா?" அதற்கு நீங்கள் கதவிலிருந்தே, "என்கிட்டச் சொல்லியிருக்காருங்க" என்றீர்கள். போன வருடம் ஆடியில் அந்தியூர்ச் சந்தைக்குப் போய்விட்டு வரும்போது என்றீர்கள். ஒரே ஒரு வாக்கியம் சொன்னீர்கள். பத்து நிமிடத்தில் அந்த அம்மா கையெழுத்துப் போட்டார்.

அன்றைக்கு மழை இல்லை. குதிரை இல்லை. கையைப் பிடித்தது இல்லை. இப்போது எல்லாம் வந்திருக்கிறது.

நீங்கள் எதைச் சொன்னாலும் கொஞ்சம் பூ வைத்துத்தான் சொல்வீர்கள் என்று எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து தெரியும். சிரித்திருக்கிறேன். இதில் என்னால் சிரிக்க முடியவில்லை. அவர் உங்களிடம் சொன்னது என்ன, எப்போது, எங்கே? உள்ளது உள்ளபடி, கையெழுத்தோடு எழுதுங்கள். மேடைப் பேச்சைப் பிறகு பார்க்கலாம்.

சண்முகப்ரியா


கிணத்துக்கடவு
14 செப்டம்பர் 2025

கண்ணு,

மாமனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டாய். நல்லது. உன்னை நர்சிங் படிக்க வைக்க வேண்டும் என்று உன் அப்பனிடம் சண்டை போட்டவன் நான்தான் என்பதை இங்கே சொல்லிக் காட்ட மாட்டேன்.

கேட்டதற்குப் பதில். சொன்னார். காரில் வைத்துச் சொன்னார். வருடம் போன வருடமாக இருக்கலாம், அதற்கு முந்தினதாகவும் இருக்கலாம். ஓட்டுகிறவன் ரோட்டைப் பார்ப்பானா, காலண்டரைப் பார்ப்பானா? மழையை விட்டுவிடு. குதிரையையும் விட்டுவிடு, ஆனால் அது நிஜமாகவே எழுபது லட்சம்.

நான் கேட்கிறேன், இதில் யாருக்கு என்ன நஷ்டம்? பொங்கலுக்கு வந்தபோது உங்கள் பயிற்சி வகுப்பில் கேட்ட ஒரு புதிரைச் சொன்னாய். பிரேக் பிடிக்காத வண்டி வருகிறது. நேராகப் போனால் ஐந்து பேர் சாவார்கள், ஸ்டியரிங்கைத் திருப்பினால் ஒருவன் சாவான், என்ன செய்வாய் என்று. விளைவைப் பார்க்கிறவன் திருப்புவான், கடமையைப் பார்க்கிறவன் கையை வைக்கவே யோசிப்பான் என்று பெரிய பெரிய பேச்செல்லாம் பேசினாய். அன்றைக்கே உன் அம்மா முன்னால் நான் என்ன கேட்டேன்? "பிரேக் இல்லாத வண்டிய மொதல்ல ஆரு எடுக்கச் சொன்னது? காத்தால பாக்க வேண்டாமா?" எல்லோரும் சிரித்தீர்கள். வால்பாறை மலையில் நாற்பது கொண்டை ஊசி வளைவும் பிரேக் இல்லாமல் கியரிலேயே இறக்கியவன் சொல்கிறேன், சிரிக்கிற விஷயம் இல்லை அது.

சரி, உன் வகுப்பின்படியே வருகிறேன். ஒரு பேச்சுக்குத்தான். ஐயா அப்படிச் சொல்லாமலே இருந்திருந்தார் என்று வைத்துக்கொள். அவர் உடம்பு என்ன ஆகியிருக்கும்? மறுநாள் சாம்பல். இப்போது நாலு உயிர். ஒரு பக்கம் ஒரு வார்த்தை, ஒரு பக்கம் நாலு உயிர். எந்த வாத்தியார் வந்தாலும் எந்தப் பக்கம் கனம் என்று சொல்லிவிடுவார். ராமாமணி அம்மாவுக்கும் பெருமைதானே? ஊரில் அவரைப் பார்த்தால் இப்போது கை எடுத்துக் கும்பிடுகிறார்கள்.

ரசாக் தம்பி மறுபடியும் கூப்பிட்டார். எனக்கும் பொன்னாடை உண்டாம். நீலக் கரை வேட்டியா, பச்சைக் கரையா என்று சொல்லு.

மாசாணம்


கோவை
17 செப்டம்பர் 2025

மாமா,

வேட்டியைப் பற்றிப் பேசுகிற மனநிலையில் நான் இல்லை.

நேற்று ராமாமணி அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தார். விழாவுக்குப் படம் கொடுக்க என்று வந்தவர் ரசாக்கிடம் கொடுத்துவிட்டு, என்னைத் தேடிக்கொண்டு என் அறைக்கு வந்து உட்கார்ந்தார். பெருமையாக இருக்கிறார் என்றீர்களே. கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது.

"ஏனுங்க அம்மணி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும், ஆருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க" என்று ஆரம்பித்தார். "இருவத்தெட்டு வருசம் கூடப் படுத்து எந்திரிச்சிருக்கறேன். சாவப் பத்தி ஒரு நாளு என்கிட்ட வாயத் தொறந்ததில்ல. ட்ரைவர்கிட்டச் சொல்லியிருக்காரு. என்கிட்டச் சொல்ல முடியாத அளவுக்கு நான் என்னங்க பண்ணிப்போட்டேன்?"

ஒரு டம்ளர் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினேன்.

அவரே மேலே பேசினார். போன வருடம் ஆடியில் ஐயாவுக்குக் கண்ணில் ஆபரேஷனாம். சந்தை நாட்களையும் சேர்த்துப் பத்து நாள் கறுப்புக் கண்ணாடியோடு வீட்டுக்குள்ளேயே இருந்தாராம். தான்தான் சொட்டு மருந்து விட்டதாகச் சொன்னார். சொல்லிவிட்டு உங்களைச் சந்தேகப்படுவார் என்று நினைத்தேன். இல்லை மாமா. "அப்புறம் எப்பிடி அந்தியூர் போனாரு? எனக்குத்தான் புத்தி தடுமாறுதாட்ட இருக்குதுங்க. பொண்ணு நவ்யாகிட்டக் கேட்டா, ஆபரேஷன் ஆடியிலதான்ங்கறா. மாசாணம் பொய் சொல்ல மாட்டானே. அப்ப நாங்க ரெண்டு பேரும் எதையோ தப்பா நெனச்சுட்டு இருக்கறோம்" என்றார்.

உங்கள் வார்த்தையைக் காப்பாற்ற அவர் தன் நினைவையே பொய்யென்று ஆக்கிக்கொண்டிருக்கிறார். உங்கள் தராசில் இதை எந்தத் தட்டில் வைப்பீர்கள்?

ஒரு பேச்சுக்கு என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. பயிற்சியில் சொன்னது ஒன்றுதான் எனக்கு இப்போது உதவுகிறது. எவ்வளவு நல்ல காரியமாக இருந்தாலும் ஒருவரை அதற்குச் சாமானாகப் பயன்படுத்தக் கூடாது, அவருக்கு எல்லாம் தெரிந்து அவராக முடிவெடுக்க வேண்டும் என்றார்கள். "மாட்டேன்" என்று சொன்னபோது ராமாமணி அம்மா முழுசாக இருந்தார். "சரி" என்று சொன்னபோது அவருக்குப் பதிலாக வேறு யாரோ சொன்னார்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

பிரேக்கைக் காலையில் பார்த்திருக்க வேண்டும் என்றீர்கள். சிரித்தது தப்பு, அதுதான் சரியான பதில். அந்த அறைக்குள் நான் பார்க்கவில்லை. நீங்களும் பார்க்கவில்லை. இப்போது வண்டி இறங்கிக்கொண்டிருக்கிறது. இருபத்தெட்டாம் தேதி அவர் மேடையேறி, அத்தனை பேர் முன்னால் மைக்கில் அந்த வார்த்தையைத் தன் வாயால் சொல்லப்போகிறார்.

ஐயா சொன்னாரா, இல்லையா? ஒரு சொல் போதும்.

சண்முகப்ரியா


கிணத்துக்கடவு
20 செப்டம்பர் 2025

கண்ணு,

இல்லை.

நீ ஒரு சொல் போதும் என்றாய். ஆனால் மாமனுக்கு ஒரு சொல்லோடு நிறுத்தத் தெரியாது. இரண்டு நாளாக நாலு தாள் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

அந்த அறையில் ஆறு நாற்காலி. ராமாமணி அம்மா, மகள் நவ்யா, ஐயாவின் தம்பி வெங்கடபதி, இன்னும் இரண்டு சொந்தக்காரர்கள், எதிரில் நீ. நான் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. யாரும் கூப்பிடவில்லை. கார் சாவி கையில் இருந்ததால் வந்து நின்றேன். இருபத்திரண்டு வருடத்தில் அந்த வீட்டில் என்னைக் கேட்ட கேள்வி மொத்தம் மூன்று. வண்டி எங்கே, டீசல் இருக்கிறதா, எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம். ஐயா நல்லவர்தான். கையைப் பிடித்து எதையும் சொன்னதில்லை. பின் சீட்டில் உட்கார்ந்து போன் பேசுவார், தூங்குவார்.

நீ கேட்டாய். ஆருகிட்டயாச்சும் பேசியிருக்காரா என்று. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். கூடப் பிறந்த தம்பிக்கும் தெரியவில்லை, பெற்ற மகளுக்கும் தெரியவில்லை. அந்தக் கேள்வி காலியாக நடு அறையில் நின்றது. என் வாய் திறந்துவிட்டது. திறந்ததும் ஐந்து பேரும் திரும்பினார்கள். வெங்கடபதி எழுந்து, "உள்ள வந்து உக்காந்து சொல்லு மாசாணம்" என்று தன் நாற்காலியைக் கொடுத்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகு எப்படியம்மா எழுந்திருப்பேன்?

இன்னொன்றும் இருக்கிறது. நீ ஃபைலை மூடியபோது உன் முகம் விழுந்தது. அந்தப் பெரிய மனிதர்கள் முன்னால் என் அக்கா மகள் தோற்றுப்போய் வெளியே போவதை நான் பார்க்க வேண்டுமா என்று இருந்தது. உனக்காகச் செய்தேன் என்று சொல்லவில்லை. சொல்லலாம் என்று முதல் தாளில் எழுதிப் பார்த்தேன். படித்தால் எனக்கே நன்றாக இல்லை.

நாலு உயிர் பிழைத்தது பொய்யில்லையே என்று இன்னமும் தோன்றுகிறது. அது தப்பா? அதை மட்டும் நீ என்னிடமிருந்து பிடுங்காதே. ஆனால் அந்த அம்மா தன் புத்தி தடுமாறுகிறது என்று சொன்னதாக எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. இன்றைக்குக் காலையில் அவரைக் கோயிலுக்கு அழைத்துப் போனேன். வண்டிக் கண்ணாடியில் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "மாசாணம், அன்னிக்கு அவரு சிரிச்சுட்டே சொன்னாரா, வெசனமாச் சொன்னாரா?" என்று கேட்டார். "சிரிச்சுட்டேதானுங்க" என்று சொல்லிப்போட்டேன். அப்படிச் சொல்லிப் பழகிவிட்டது.

நான் என்ன செய்யட்டும்? ரசாக் தம்பியிடம் காய்ச்சல் என்று சொல்லிவிடட்டுமா?

மாசாணம்


கோவை
23 செப்டம்பர் 2025

மாமா,

காய்ச்சல் என்று சொல்லாதீர்கள். இன்னொரு பொய் வேண்டாம்.

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே எங்கள் ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். சாட்சி சொன்னவர் என் தாய்மாமன், அது தெரிந்தும் நான் எழுந்து போகவில்லை, அவர் சொன்னது நடக்காத ஒன்று என்று மூன்றையும் எழுதினேன். விசாரணை முடியும்வரை குடும்பங்களோடு பேசுகிற வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். வார்டில் ஊசி போடுகிறேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் நானும் உங்களை மாதிரி ஆகிவிடுவேன். வருத்தம்தான்.

குழுவில் ஒரே சண்டை. ஒருவர், "இப்பச் சொல்லி என்ன ஆகப்போவுது? திரும்ப எடுத்து வெக்க முடியுமா? பாவம், அந்தம்மாவ நிம்மதியா உடுங்க" என்றாராம். இன்னொருவர், "நிம்மதியாவா இருக்காங்க? தெரிஞ்சுக்கறது அவங்க உரிமை" என்றாராம். தலைவர் ஹாரிகா மேடம் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "உங்க மாமா சொல்லலைன்னாலும் அவங்க சம்மதிச்சிருப்பாங்களா?" என்று. ஆமாம் என்று தெரிந்தால் என் வேலையும் பிழைக்கும், ஆஸ்பத்திரியும் மூச்சு விடும். எனக்குத் தெரியாது என்றேன்.

குழு முறைப்படி குடும்பத்தைக் கூப்பிட்டுச் சொல்ல மூன்று வாரம் ஆகும். விழா ஞாயிற்றுக்கிழமை. அந்த வார்த்தை உள்ள பேனர் அச்சுக்குப் போய்விட்டது. ஐயா சொன்னதாக ராமாமணி அம்மா மேடையில் சொல்லி, பிறகு பொய்யென்று தெரிந்தால் எப்படித் தாங்குவார்? நீங்கள் போய்ச் சொல்லலாமா என்று ஹாரிகா மேடத்திடம் கேட்டேன். "அவர் சொன்ன பொய், அவர் போய்ச் சொல்றத நாம தடுக்க முடியாது. நீ கூடப் போகாத" என்றார்.

போங்கள் மாமா. ஞாயிற்றுக்கிழமைக்குள். உண்மையைச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். மன்னிப்புக் கேட்கலாம், கேட்டுப் பெற முயற்சி செய்யாதீர்கள். ஹாரிகா மேடம் கேட்ட கேள்வியை நீங்கள் கேட்கவே கூடாது. அவராகச் சொன்னால் மட்டும் எழுதுங்கள், அதை நான் குழுவுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும்.

உண்மை தெரிந்தால் அவருக்கு வலி குறையுமா, கூடுமா என்று எனக்குத் தெரியவில்லை. கணவர் தன்னிடம் எதையும் மறைக்கவில்லை என்று தெரியும். கணவர் கேட்காத ஒன்றைத் தான் செய்துவிட்டதும் தெரியும். இரண்டையும் ஒரே நாளில் கொடுக்கிறோம். நான் படித்த எதிலும் இதற்கு விடை இல்லை. ஆனாலும் போங்கள்.

நாலு உயிரை உங்களிடமிருந்து பிடுங்க மாட்டேன். அது உங்களுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. அவர் கையெழுத்துப் போட்டார். அவருடையது.

சண்முகப்ரியா


கிணத்துக்கடவு
26 செப்டம்பர் 2025

கண்ணு,

போய்விட்டேன். சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று கேள், இந்தக் கொங்கு நாட்டில் வேறு எவனுக்கும் அந்தத் தைரியம் வராது.

நேற்றுக் காலை பதினொரு மணி. ராமாமணி அம்மா கூடத்தில் தேங்காய் நார்க்காரனிடம் பேசிக்கொண்டிருந்தார். அவன் போகும்வரை போர்ட்டிகோவில் நின்றேன். பிறகு உள்ளே போய், நடுக் கூடத்தில் நின்று சொன்னேன். "அம்மா, ஐயா என்கிட்ட அப்படி ஒண்ணும் சொல்லலீங்க. அந்தியூரும் போகலீங்க. நானாச் சொன்னதுங்க." மூன்று வாக்கியம். பூ வைக்கவில்லை. நீ இருந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பாய்.

அவர் கோபப்படவில்லை. நவ்யா அறையிலிருந்து ஓடி வந்து, "என்னம்மா சொல்றாரு இவரு?" என்றது. அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். பிறகு கேட்டார். "அப்ப கண்ணு ஆபரேஷன் ஆடியிலதான்."

"ஆமாங்க."

"எனக்குப் புத்தி தடுமாறல."

"இல்லீங்கம்மா."

அவருக்கு மூச்சு வந்த மாதிரி இருந்தது. அடுத்துக் கேட்டார். "நெசமா அவரு உன்கிட்டக் கடைசியா என்ன பேசுனாரு? கூட்டாம கொறைக்காமச் சொல்லு."

எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஐயா விழுந்ததற்கு முந்தின நாள் சாயங்காலம் மில்லிலிருந்து வந்து இறங்கினார். மழையில் செருப்பு நனைந்திருந்தது. வண்டிக்குள்ளேயே கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்காலோடு இறங்கி, "செருப்பு உள்ளயே கெடக்கட்டும் மாசாணம், நாளைக்கு எடுத்துக்கறேன்" என்றார். அதுதான். மறுநாள் விடியும் முன்னே வேறு செருப்புப் போட்டு மொபெட்டை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போய்விட்டார்.

"அது எங்க?" என்றார்.

"வண்டியிலதானுங்க. பின் சீட்டுக்கடியில."

"இத்தன நாளா?"

"எடுக்கத் தோணலீங்க."

போய் எடுத்து வந்தேன். காய்ந்து விறைத்துப் போயிருந்தது. இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டார். என்னைப் பார்த்தார். "நீ சொல்லாட்டியும் நான் குடுத்திருப்பேன் மாசாணம்" என்றார்.

கேட்டாயா கண்ணு? அவராகவே சொன்னார். நான் கேட்கவில்லை. இதை அப்படியே உன் மேடத்திடம் கொடு. உன் வேலை உனக்குத் திரும்பிவிடும், விசாரணையும் இதோடு முடிந்துவிடும். விழாவுக்கு அவர் போகவில்லை, பேனர் வேண்டாம் என்று ரசாக்கிடம் நவ்யா போனில் சொல்லிவிட்டது. நானும் போகவில்லை.

இவ்வளவும் எழுதி, ஒட்டி, தபால் பெட்டி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து பிரித்திருக்கிறேன். கவர் மூடியில் பசை போய்விட்டது, நூல் கட்டி அனுப்புகிறேன்.

செருப்பு உண்மை. அந்தியூர் போகவில்லை என்று நடுக் கூடத்தில் சொன்னது உண்மை. அவருக்கு மூச்சு வந்தது உண்மை. செருப்பை வாங்கிக்கொண்டு அவர் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு மணி நேரம் நின்றேன். நவ்யா வந்து, "அம்மா உங்களப் போகச் சொன்னாங்க" என்றது. கார் சாவியை மேசையில் வைக்கச் சொன்னது. வைத்துவிட்டுப் பஸ்ஸில் வந்தேன்.

குடுத்திருப்பேன் என்று அவர் சொல்லவில்லை. அது நான் போட்டது. மேடத்திடம் கொடுத்துவிடாதே.

மாசாணம்